வீட்டில் முதல் தடவை எஞ்சின் ஒயில் மாற்றுபவருக்கு: முழுமையான வழிகாட்டி

கை பழகிய ஒருவருக்கு இது முக்கால் மணித்தியால வேலை. முதல் தடவை செய்கிறவர் மூன்று மணித்தியாலம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கையில் நாலைந்து பேருக்குப் பக்கத்தில் நின்று இந்த வேலையைச் செய்வித்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கினார்கள்: பின்னுக்குச் செய்யவேண்டியதை முன்னுக்குச் செய்தார்கள், மெல்ல இறுக்கவேண்டியதை முழுப் பலத்தோடு இறுக்கினார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒரு தடவை முழுக்க வாசித்துவிட்டுக் காருக்குக் கீழே போங்கள்.

1. நாளும் இடமும்

சனிக்கிழமை காலை நல்லது. ஞாயிறு செய்யவேண்டாம். பழைய வாசர் (நட்டுக்கு அடியில் இருக்கிற வளையம்) உடைந்தாலோ, வாங்கிய பில்ரர் (ஒயிலை வடிகட்டுகிற பாகம்) பொருந்தாவிட்டாலோ ஸ்பெயார்ஸ் கடை திறந்திருக்க வேண்டும். அந்த நேரம் உங்கள் கார் ஒயில் இல்லாமல் நிற்கும், அதில் கடைக்குப் போக ஏலாது. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளோ, போய் வாங்கிவர ஒரு ஆளோ இருப்பதை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விடிய கொழும்புப் பயணம் இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இடம் சீமெந்துத் தரையாக, மட்டமாக இருக்கவேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் முற்றம் காய்ந்திருக்கும்போது கல் மாதிரித் தெரியும். மேலே பாரம் ஏறியதும் காரை உயர்த்துகிற ஜக்கின் அடி மெல்ல மெல்லப் புதையும். மழை பெய்த கிழமை என்றால் சொல்லத் தேவையில்லை. போர்டிகோ இல்லாதவர்கள் சீமெந்துத் தரை உள்ள உறவுக்காரர் வீட்டில் செய்யுங்கள். கிணத்தடிக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். அதற்கான காரணத்தைப் பன்னிரண்டாவது பகுதியில் சொல்கிறேன்.

2. எந்த ஒயில், எத்தனை லீற்றர்

இதைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். காரோடு வந்த கைநூலில் இருக்கிறது. யப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் கைநூல் யப்பானிய மொழியில் இருக்கும், ஆனால் ஒயில் தரத்தின் எண்களும் லீற்றர் கணக்கும் எந்த மொழியிலும் ஒரே மாதிரித்தான். அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பல கார்களில் ஒயில் ஊற்றும் மூடியிலேயே தரம் பொறித்திருக்கும்.

5டபிள்யூ-30 என்பதில் முதல் எண், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், எஞ்சின் சூடேறிய பிறகு அதன் தடிப்பு. "யாழ்ப்பாணத்து வெயிலுக்குத் தடிச்ச ஒயில்தான் நல்லது" என்று பலர் சொல்வார்கள். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்கள் 20டபிள்யூ-50 ஊற்றுவது வழக்கம், அந்த எஞ்சின்களுக்கு அது பொருந்தும். 0டபிள்யூ-20 கேட்கிற புதிய எஞ்சினுக்குள் அதே ஒயிலை ஊற்றினால், ஒடுங்கிய ஒயில் பாதைகளுக்குள் அது நேரத்துக்குப் போய்ச் சேராது. பெற்றோலும் கூடச் செலவாகும். கைநூல் சொல்கிற தரத்தை வாங்குங்கள்.

போத்தலில் ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எழுத்து இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. 'எஸ்பி' 2020இல் வந்தது, அதற்கு முந்திய 'எஸ்என்' கேட்கிற காருக்கு அதைத் தாராளமாக ஊற்றலாம்.

இனி அளவு. கொரோலா 121, அக்சியோ 141 போன்றவற்றில் வருகிற 1.5 லீற்றர் 1என்இசெட் எஞ்சினுக்கு, பில்ரரோடு மாற்றினால் 3.7 லீற்றர், பில்ரர் மாற்றாவிட்டால் 3.4 லீற்றர். கடையில் கிடைப்பது 4 லீற்றர்க் கலன். "வாங்கினது வீணாகப் போகக்கூடாது" என்று கலனை முழுக்கக் கவிழ்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஞ்சுகிற 300 மில்லியைச் சுத்தமான சின்னப் போத்தல் ஒன்றில் ஊற்றி மூடி வையுங்கள். இடையில் ஒயில் குறைந்தால் நிரப்ப அதுதான் உதவும்.

3. பக்கத்தில் இருக்கவேண்டியவை

ஒயில், புதுப் பில்ரர், ட்ரெயின் நட்டுக்கு (பழைய ஒயிலை வடிக்க எஞ்சினின் அடியில் கழற்றுகிற நட்) புது வாசர் ஆகிய மூன்றையும் ஒன்றாக வாங்குங்கள். வாசர் விலை மிகக் குறைவு என்பதாலேயே எல்லாரும் மறப்பது அதைத்தான்.

ட்ரெயின் நட்டுக்குச் சரியான அளவில் ரிங் ஸ்பனர் வேண்டும். ரொயோட்டாவில் அநேகமாக 14 மில்லிமீற்றர், சுசுக்கியில் அநேகமாக 17. முன்பக்கம் திறந்த ஸ்பனரோ, அட்ஜஸ்ரபிள் ஸ்பனரோ பாவிக்காதீர்கள். இறுகின நட்டில் அவை வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது.

பில்ரரைக் கழற்ற, அதன் தலையில் தொப்பி மாதிரிப் பொருந்துகிற கப் ஒன்று வேண்டும். புதுப் பில்ரரில் அதைப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: ஐந்து லீற்றருக்கு மேல் கொள்ளும் அகன்ற பேசின், புனல், பழந்துணி, பெரிய காட்போட் மட்டை ஒன்று, ரோச் லைற், ஒரு சுளகளவு மரத்தூள் அல்லது மணல். கையுறை கட்டாயம். பழைய ஒயில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டுவந்தால் தோல் புற்றுநோய் வரும் அபாயம் உண்டு. சாரத்தோடு இந்த வேலைக்கு இறங்கவேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் கட்டத்தில், தொங்குகிற துணி எதுவும் காற்றாடிக்கும் பெல்ற்றுக்கும் கிட்டப் போகக்கூடாது.

4. சூடாக்கி, நிறுத்தி, ஆறவிடுங்கள்

முதலில் ஒயில் கம்பியை இழுத்து இப்போதைய மட்டத்தைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது, அல்லது எங்கேயோ ஒழுகுகிறது. வடித்த பிறகு இதை அறிய வழியில்லை.

பிறகு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இளஞ்சூட்டில் ஒயில் இளகும், அடியில் தங்கின அழுக்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். ஆனால் ரவுணுக்குப் போய்வந்த கையோடு தொடங்காதீர்கள். அந்தச் சூட்டில் ஒயில் கையில் கொட்டினால் தோல் கழன்றுவிடும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் பொறுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு வேலை கூடுதலாகச் செய்யவேண்டும். 'ரெடி' வெளிச்சம் எரிகிற நிலையில் எஞ்சின் சத்தம் இல்லாமல் நிற்கும், நினைத்த நேரம் தானாக ஸ்ராட் ஆகும். ஒயில் வடித்த நிலையில் அப்படி ஓடினால் எஞ்சின் போய்விடும். காரை முழுமையாக ஓஃப் செய்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தக் காருக்கும் இதையே செய்யுங்கள்.

5. காரை உயர்த்துவது

கையை விட்டு நட்டைத் தொட இடம் இருந்தால் உயர்த்தவே தேவையில்லை. முதலில் மட்டையைப் போட்டுப் படுத்துப் பாருங்கள்.

உயர்த்தத்தான் வேண்டுமென்றால்: ஹாண்ட் பிறேக்கை இழுங்கள். சாதாரண கியர் என்றால் முதலாம் கியர், ஓட்டோ என்றால் 'பி'. பின் சில்லுகளுக்குப் பின்னால் மரக்குற்றியை இறுக்கமாக வையுங்கள். ஜக் வைக்கவேண்டிய இடம் கதவுக்குக் கீழே, கார் உடம்பின் ஓரத்தில் இரண்டு வெட்டு அடையாளங்களுக்கு நடுவில் இருக்கும். ஒயில் சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டம்) ஜக் வைக்கக்கூடாது, அது நெளியும், வெடிக்கும்.

உயர்த்தியதும் இரு பக்கமும் இரும்பு ஸ்ராண்ட் வைத்து, காரின் பாரத்தை அதன் மேல் இறக்குங்கள். பிறகு காரைப் பக்கவாட்டில் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் மட்டும் கீழே போங்கள்.

இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதை எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் காணலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கல் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும். ஒரே புள்ளியில் இரும்பு அழுத்தும்போது முன்னறிவிப்பு எதுவும் தராமல் நொறுங்கும். காரோடு வந்த ஜக்கை மட்டும் நம்பியும் கீழே போகக்கூடாது. ஸ்ராண்ட் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையை விடுங்கள். நீங்கள் காருக்குக் கீழே இருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

6. சரியான நட் எது?

மிகப் பெரிய செலவு வைக்கிற பிழை இங்கேதான் நடக்கிறது.

பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன், ஓட்டோ கியர் காருக்குக் கீழே படுத்திருந்தபடி எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, என்ர ஒயில் பழுதாகவே இல்லை. நல்ல தெளிவா, இளஞ்சிவப்பா வருது." நான் போய்ச் சேரும்போது பேசினில் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. அது கியர்பெட்டி ஒயில். அவன் கழற்றியது கியர்பெட்டியின் நட். நல்லகாலம், போன் எடுத்தான். இல்லாவிட்டால் பழைய ஒயில் அப்படியே இருக்கிற எஞ்சினுக்குள் புது ஒயிலையும் ஊற்றி, வெறும் கியர்பெட்டியோடு காரை ஓட்டியிருப்பான்.

எஞ்சினின் அடியில், தட்டம் மாதிரி இருப்பது சம்ப். மேலே பொனற்றைத் திறந்து ஒயில் கம்பி எந்த இடத்தில் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று பாருங்கள், அதற்கு நேர் கீழ்ப்பக்கம்தான் சம்ப். எஞ்சினையும் கியர்பெட்டியையும் பொருத்துகிற போல்ற் வரிசை கீழிருந்தும் தெரியும். அந்த வரிசைக்கு எஞ்சின் பக்கம் இருக்கிற நட்டே உங்களுக்கு வேண்டியது. பில்ரரும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் நட்டைச் சிறிது இளக்கி நாலு துளியை வெள்ளைத் துணியில் விழவிடுங்கள். ஓடின எஞ்சின் ஒயில் கறுப்பு அல்லது கடும் மண்ணிறம். சிவப்போ, பச்சையோ, தெளிவாகவோ வந்தால் உடனே திரும்ப இறுக்குங்கள்.

சில கார்களில் சம்பை மறைத்து ஒரு பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். அதன் கிளிப்புகள் பழசானால் உடையும், மெல்லக் கழற்றுங்கள்.

7. முதலில் மேல் மூடி, பிறகே கீழ் நட்

எஞ்சினின் மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து எடுத்துவிட்டு, துவாரத்தைச் சுத்தமான துணியால் மூடுங்கள். காற்று உள்ளே போனால்தான் ஒயில் தடைப்படாமல் வடியும். அதைவிட முக்கியமான காரணம் வேறு: கீழே வடித்த பிறகு மேல் மூடி திறக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? பில்ரரில் கப் பொருந்துகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

பேசினை நட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். நட் கழன்றதும் ஒயில் ஒரு வில்லாக வளைந்து பாயும். நட்டின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அரை அடி தள்ளி வையுங்கள். பாய்ச்சல் தளரத் தளரப் பேசினை உள்ளே இழுங்கள்.

படுத்திருக்கும்போது திசை குழம்பும். இளக்கவேண்டிய நட்டை மேலும் இறுக்கியவர்கள் உண்டு. நட்டின் தலையை நேரே பார்க்கிறதாக நினைத்து, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் ஸ்பனரைத் திருப்புங்கள். இளகியதும் ஸ்பனரை வைத்துவிட்டு விரலால் சுழற்றுங்கள். சுழற்றும்போது நட்டை உள்பக்கம் அழுத்தியபடியே இருங்கள். மரை முடிந்தது என்று விரலுக்குத் தெரிந்ததும் ஒரே இழுப்பில் பக்கத்துக்கு எடுங்கள். இப்படிச் செய்தால் ஒயில் முழங்கைவரை வழியாது. நட் பேசினுக்குள் விழுந்தால் பதறவேண்டாம், பிறகு எடுக்கலாம்.

பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிடுங்கள். நூல் மாதிரி ஓடியது துளித்துளியாக மாறவேண்டும். அவசரப்பட்டால் மிகப் பழைய, மிக அழுக்கான கடைசி ஒயில்தான் உள்ளே மிஞ்சும்.

8. நட்டைத் திரும்பப் போடுவது

நட்டைத் துடைத்துக் கையில் வைத்துப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கிற பசை மாவு மாதிரி மென்மையாக இருந்தால் வழமையான தேய்மானம். நகத்தில் தடக்குகிற இரும்புத் துகள் இருந்தால், வேலையை முடித்துவிட்டு ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய வாசரை எடுங்கள். சில வேளை அது சம்பிலேயே ஒட்டி நிற்கும். புது வாசரைப் போடுங்கள். வாசர் ஒரு தடவை நசுங்கி இடைவெளியை அடைக்கிற பொருள், இரண்டாம் தடவை அதே மாதிரி நசுங்காது.

நட்டை விரலால் மட்டும் ஏற்றுங்கள். நாலைந்து சுற்று இலகுவாகப் போகவேண்டும். இடையில் இறுகினால் மரை கோணிவிட்டது, கழற்றித் திரும்ப வையுங்கள். கடைசி இறுக்கம் மட்டும் ஸ்பனரால். சிறிய கார்களுக்குக் கைநூல்கள் சொல்வது 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் அளவுதான். சாதாரண நீளமுள்ள ரிங் ஸ்பனரை ஒரு கையால் பிடித்து, உடம்பின் பலத்தைப் போடாமல் இறுக்கினால் அந்த அளவு வந்துவிடும். ஸ்பனரில் குழாய் சேர்த்து நீட்டாதீர்கள். அலுமினியச் சம்பின் மரை உரிந்தால் முழுச் சம்பையும் மாற்ற நேரும்.

9. பில்ரர்

பேசினைப் பில்ரருக்குக் கீழே தள்ளுங்கள், அதற்குள்ளும் ஒரு கிளாஸ் ஒயில் இருக்கும். கப்பால் இளக்கி, மிச்சத்தைக் கையால் கழற்றுங்கள்.

கழற்றின பில்ரரின் வாயைத் திருப்பிப் பாருங்கள். அதன் றப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் காணாமல் புதுப் பில்ரரைப் போட்டால் வளையத்தின் மேல் வளையம் ஏறும். வீட்டில் ஸ்ராட் செய்து பார்க்கும்போது ஒழுகாமல் நின்றுவிட்டு, வீதியில் வேகமெடுக்கும்போது நழுவி, முழு ஒயிலையும் ஒரு நிமிடத்துக்குள் கொட்டிவிடும். ரோச் அடித்துப் பார்த்து, எஞ்சின் பக்க முகத்தைத் துணியால் துடைத்து, விரலாலும் தடவிப் பாருங்கள்.

புதுப் பில்ரரின் றப்பரில் ஒரு விரல் புது ஒயில் தடவுங்கள். காய்ந்த றப்பர் திருகும்போது சுருளும், அடுத்த முறை கழற்றவும் விடாது. கையால் சுழற்றுங்கள். றப்பர் முகத்தில் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று மட்டும். பெட்டியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. கப் போட்டு முழுப் பலத்தோடு இறுக்கவேண்டாம்.

10. புது ஒயில்

கீழ் நட் போட்டாயிற்றா, பில்ரர் போட்டாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போத்தலைத் திறவுங்கள். நட்டைப் போட மறந்து, ஊற்றின ஒயில் அப்படியே தரையில் ஓடுவதை ஒரு தடவை கண்டிருக்கிறேன். ஊற்றியவர் பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியவர்.

கைநூல் 3.7 லீற்றர் என்றால் முதலில் 3 லீற்றர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். கார் உயர்ந்து நின்றால் ஸ்ராண்டை எடுத்து நிலத்துக்கு இறக்கியபின்தான் கம்பியைப் பார்க்கவேண்டும், சரிந்த காரில் மட்டம் பொய் சொல்லும். கம்பியை ஒருதரம் துடைத்து, முழுக்க விட்டு, திரும்ப எடுத்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கோட்டைத் தாண்டினால், எஞ்சினுக்குள் சுழலுகிற கிராங் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குள் காற்று இருப்பதால் அது உலோகத்தைக் காக்காது.

11. ஸ்ராட் செய்து பார்ப்பது

மேல் மூடியைப் பூட்டுங்கள். எஞ்சினை ஸ்ராட் செய்து, அக்சிலேற்றரைத் தொடாமல் இருங்கள். பில்ரர் நிறையும்வரை ஒயில் அழுத்தம் இல்லை, அதனால் சிவப்பு ஒயில் வெளிச்சம் சில வினாடி எரிந்து அணையும். ஐந்து வினாடிக்கு மேல் எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நட்டையும் பில்ரரையும் ரோச் அடித்துப் பாருங்கள். பிறகு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கம்பியைப் பாருங்கள். பில்ரர் குடித்த அளவு மட்டம் இறங்கியிருக்கும். அந்த அளவை மட்டும் நிரப்புங்கள்.

திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிப் பொனற்றின் உள்பக்கம் ஒட்டுங்கள். மாற்றவேண்டிய கால இடைவெளியும் கைநூலில் இருக்கும். பலர் பின்பற்றுவது 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. எங்கள் கார்கள் பல கொக்குவிலில் இருந்து ரவுண், ரவுணில் இருந்து நல்லூர் என்று சில கிலோமீற்றர் மட்டும் ஓடி நிற்பவை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வர முன்னமே பயணம் முடிவதால் ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலில் தங்கும். ஆகவே கிலோமீற்றர் வராவிட்டாலும் மாதக் கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

12. பழைய ஒயில்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒரு துளியும் மண்ணுக்குப் போகக்கூடாது. எங்கள் குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்த அந்தக் கல்லுக்குள்தான் நாங்கள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது. மேலே ஊற்றுவது நேரே கீழே போகும், ஒரு வளவில் ஊற்றினது அடுத்த வளவுக் கிணற்றில் வரும். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, சனம் பவுசரில் வந்த தண்ணீரை வாளியில் பிடித்ததை இந்த ஊரில் ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

பேசினில் உள்ளதைப் புனல் வைத்து, புது ஒயில் வந்த கலனுக்குள்ளேயே ஊற்றுங்கள். 'பழைய ஒயில்' என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பழைய பில்ரரை ஓர் இரவு பேசினில் கவிழ்த்து வைத்து வடித்து அதையும் சேருங்கள். வாகனச் சேர்விஸ் செய்கிற இடங்களில் கழிவு ஒயில் சேர்க்கிற பரல் இருக்கும், கேட்டு அதில் ஊற்றிவிட்டு வாருங்கள். தண்ணீரோ பெற்றோலோ கலக்காதீர்கள், கலந்ததை எடுக்கமாட்டார்கள்.

வேலிக் கதியாலுக்கும் பனஞ்சிலாகைக்கும் கறையான் பிடிக்காமல் இருக்கப் பழைய ஒயில் பூசுவது எங்கள் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். மண்ணுக்குள் போகிற மரத்துக்கு அதைப் பூசவேண்டாம், மாரி மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். தேய்ந்த எஞ்சினின் உலோகத் துகளும் கரியும் அதில்தான் இருக்கின்றன.

தரையில் சிந்தினால் தண்ணீர் அடிக்காதீர்கள். மரத்தூளையோ மணலையோ கொட்டி, காலால் தேய்த்து, உறிஞ்சவிட்டுக் கூட்டி அள்ளிப் பையில் கட்டுங்கள். கையைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே சவர்க்காரம் போடுங்கள்.

13. அடுத்த நாள் காலை

இரவு காரை நிறுத்தும்போது எஞ்சினுக்குக் கீழே சுத்தமான காட்போட் மட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். விடிய எடுத்துப் பாருங்கள். நட்டுக்கு நேரே பொட்டு இருந்தால் வாசரைச் சந்தேகியுங்கள், பில்ரருக்கு நேரே இருந்தால் றப்பர் வளையத்தை. எங்கேயோ சிந்தி எஞ்சினின் உடம்பில் தங்கினது ஒரு துளி விழுவதும் உண்டு. துடைத்துவிட்டு இன்னொரு இரவு பாருங்கள். மட்டை காய்ந்திருந்தால், அந்தக் கிழமைக்குள் ஒரு தடவை, எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கம்பியை இழுத்து மட்டத்தைப் பாருங்கள். அது ஒயில் மாற்றின அன்று நின்ற இடத்திலேயே நின்றால் கொழும்புக்கும் போகலாம்.